டாக்டரிடம் கேட்க மறந்ததை யாரிடம் கேட்பது?

சென்ற இதழில் சர்க்கரை நோய் பற்றி இரண்டு வரி எழுதப்போய் கடிதங்கள் குவிந்துவிட்டன. என்ன சாப்பிடலாம், எந்த மாத்திரை நல்லது என்று கேட்டவற்றையெல்லாம் டாக்டர் பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். நான் எடுத்து வைத்துக்கொண்டவை வேறு மாதிரியானவை, ‘இதை யார்கிட்ட பேசறது’ என்று ஏதோ ஒரு வகையில் கேட்பவை. எனக்கும் பல வருடமாக சுகர் இருக்கிறது, காலையும் ராத்திரியும் ஊசி போட்டுக்கொள்கிறேன், அதனால் இந்தக் கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அக்கா, வயது 41. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் சுகர் என்று தெரிந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார், கேட்க நினைத்ததெல்லாம் வெளியே வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. இதே நிலைமையில் இருக்கிற யாரிடமாவது பேச வேண்டும் போலிருக்கிறது. எங்கே தேடுவது?
– வாசகர், திருப்பூர்

தம்பி, 2023ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. அதன் கணக்குப்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய படியில் நிற்கிறார்கள். அப்படியென்றால் உங்கள் கம்பெனியிலேயே எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களும் உங்களைப் போல வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். டீ வரும்போது யார் ‘எனக்கு சக்கரை வேண்டாம்’ என்று தனியாக வாங்குகிறார்கள், யார் பன்னை எடுக்காமல் தள்ளி வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

இன்னொரு இடம் சொல்கிறேன், இதை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ரத்தப் பரிசோதனை லேப். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு, டிபன் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும் இல்லையா? அந்த இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் சுகர், எல்லோருக்கும் வேறு வேலை இல்லை, எல்லோர் முழங்கை மடிப்பிலும் பஞ்சு ஒட்டியிருக்கிறது, ஆனாலும் ஒருவருக்கொருவர் பேசாமல் போனையோ சுவரில் இருக்கும் காலண்டரையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘உங்களுக்கு எத்தனை வருஷமா இருக்கு?’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பல பேர் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவில் மாத்திரை வாங்க நிற்கும் வரிசையும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், உங்கள் தெருவில் யார் யாருக்கு சுகர் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். யார் பெயரையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ‘பேச விருப்பமுள்ளவர்கள் இருந்தால் என் நம்பரைக் கொடுங்கள்’ என்று நீங்கள் சொல்லி வைக்கலாம்.

ஆள் கிடைத்ததும் என்ன கேட்பது? ‘ஓவர்டைம் இருக்கிற நாளில் எப்போ சாப்பிடுவீங்க, நாள் முழுக்க நின்னா கால் என்ன ஆகுது, சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப்பை எங்கே குறைஞ்ச விலைக்கு வாங்கறீங்க, கல்யாண வீட்டில் இலையில் பாயசம் விழும்போது என்ன சொல்லித் தப்பிக்கறீங்க?’ இந்த மாதிரி விஷயங்களை. ஓவர்டைமை ஏன் முதலில் சொன்னேன் என்றால், கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகளைப் போட்டுவிட்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சுகர் சட்டென்று இறங்கிவிடும். மெட்பார்மின் மட்டும் என்றால் அப்படி இறங்குவது அபூர்வம். உங்களுடையது எது என்று சீட்டைப் பாருங்கள், டாக்டரிடமும் கேளுங்கள். கேட்க வேண்டியதை அவ்வப்போது போனில் எழுதி வைத்துக்கொண்டு உள்ளே போனதும் அந்தப் பட்டியலை அவர் முன்னால் நீட்டிவிடுங்கள், டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என் மகளுக்கு 9 வயது. டைப் 1 என்று சொல்லி ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் சொந்தத்தில் எந்தக் குழந்தைக்கும் இது இல்லை. ‘சாக்லேட் வாங்கிக் கொடுத்துக் கெடுத்துட்டே’ என்று மாமியார் சொல்கிறார். மகள் ‘எனக்கு மட்டும் ஏம்மா?’ என்று கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.
– ஒரு தாய், நாமக்கல்

அம்மா, சாக்லேட்டால் டைப் 1 வராது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தவறுதலாக அழித்துவிடுகிறது. நீங்கள் செய்ததாலும் வரவில்லை, செய்யாமல் விட்டதாலும் வரவில்லை. இதை மாமியாரிடம் நீங்கள் சொன்னால் எடுபடாது, அடுத்த முறை அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள்.

‘எனக்கு மட்டும் ஏன்’ என்பதற்கு நீங்களும் பதில் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. தன்னைப் போலவே வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும் இன்னொரு குழந்தையை அவள் பார்க்க வேண்டும். அந்தக் குழந்தை சட்டையைக் கொஞ்சம் தூக்கி, இன்சுலின் பேனாவைத் திருகி, ஊசி போட்டுவிட்டு விளையாட ஓடுவதை ஒரு தடவை பார்த்தால் போதும், அப்புறம் அந்தக் கேள்வி தேய ஆரம்பிக்கும். ஆகவே அவளுக்கு ஒரு தோழியையும் உங்களுக்கு ஒரு தாயையும் தேடுங்கள். டாக்டரிடம் மற்றவர்களின் நம்பரைக் கேட்டால் தர மாட்டார், அது சரிதான். உங்கள் நம்பரை நர்ஸிடம் கொடுத்து, ‘இதே மாதிரி குழந்தை உள்ள அம்மா யாராவது வந்தால் கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். நாமக்கல்லிலிருந்து கோவை தூரமில்லை, அங்கே இதயங்கள் அறக்கட்டளை டைப் 1 குழந்தைகளுக்காகவே வேலை செய்கிறது. நாடு முழுவதும் என்றால் ப்ளூ சர்க்கிள் ஃபவுண்டேஷன் இருக்கிறது, சர்க்கரை நோயோடு வாழ்பவர்களே நடத்துவது. விசாரித்துப் பாருங்கள்.

அந்த இன்னொரு தாயிடம் நீங்கள் கற்றுக்கொள்ளப் போவதை எந்தப் புத்தகமும் சொல்லாது. கடைசி பீரியட் விளையாட்டு என்றால் அன்றைக்கு முன்னதாக என்ன கொடுத்து அனுப்புகிறார், பள்ளிப் பையின் எந்த ஜிப்பில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது, பக்கத்து சீட்டுப் பிள்ளைக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறார், வகுப்பில் பிறந்தநாள் மிட்டாய் வந்தால் என்ன ஏற்பாடு, இப்படி. சுகர் 70க்குக் கீழே போனால் சுமார் 15 கிராம் சர்க்கரை, அதாவது தண்ணீரில் கரைத்த மூன்று டீஸ்பூன், 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட், ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே. இதுதான் எல்லோருக்கும் சொல்லித் தரும் பொது விதி. உங்கள் மகளுக்கு அளவு வேறு என்றால் டாக்டர் சொல்வார், அதை எழுதி வாங்கி வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். சாக்லேட்டை அவசரத்துக்கு நம்பாதீர்கள், அதில் இருக்கும் கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். குழந்தை மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. இதையும் ஆசிரியருக்குச் சொல்லுங்கள்.

பள்ளியில் ‘ஊசியெல்லாம் கொண்டுவரக் கூடாது’ என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். டைப் 1 மாணவர்கள் பொதுத் தேர்வு அறைக்கே தின்பண்டமும் குளுக்கோஸ் மாத்திரையும் கொண்டுபோக 2017லேயே சிபிஎஸ்இ அனுமதித்துவிட்டது. 2023ல் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இந்தக் குழந்தைகளுக்குப் பள்ளியில் தேவையான வசதிகளைச் செய்து தரும்படி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லுங்கள், சண்டையாக இல்லாமல், டாக்டர் கடிதத்தோடு.

ஒரு விஷயம் உங்கள் மகளிடம் சொல்லலாம். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டது லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு. அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைக்கவில்லை. அவன் பிழைத்தான், அவனுக்குப் பின்னால் வந்த அத்தனை பிள்ளைகளும் அதே ஊசியால்தான் பள்ளிக்கூடம் போனார்கள், கிரிக்கெட் ஆடினார்கள். பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வாசிம் அக்ரம் உலகத் தரத்தில் பந்து வீசிக்கொண்டிருந்தபோதே அவருக்கு இந்த நோய் வந்தது, ஊசி போட்டுக்கொண்டே விளையாடினார்.

நண்பர் ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார். அதில் ஒரு பொடியைச் சொல்கிறார்கள், மூன்று மாதம் சாப்பிட்டால் ஊசியே வேண்டாமாம். பல பேர் நிறுத்திவிட்டதாகப் போடுகிறார்கள். நம்பலாமா?
– வாசகர் (62), மதுரை

வேண்டாம் ஐயா. இன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள்.

டைப் 1 உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே ரத்தம் அமிலமாகி உயிர் போகும் நிலை வந்துவிடும். பெரியவர்களுக்குப் பரவலாக வரும் டைப் 2வில் பல வருடமாக ஊசியில் இருப்பவர்களுக்கும் ஆபத்துதான். ‘நிறுத்திட்டேன், நல்லா இருக்கேன்’ என்று போடுகிறவர்கள்தான் உங்கள் கண்ணில் படுகிறார்கள். நிறுத்திவிட்டு ஐசியூவில் கிடப்பவர் குரூப்பில் வந்து எழுதுவதில்லை.

நல்ல குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். அங்கே யாராவது எதையாவது விற்கிறார்களா என்று முதலில் பாருங்கள், விற்றால் அது கடை. அப்புறம், ‘டாக்டரிடம் கேட்டீங்களா?’ என்ற வார்த்தை அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள், வந்தால் நல்லது. யாராவது ‘எனக்கு இன்னிக்கு 310’ என்று எழுதினால் திட்டுகிறார்களா, இல்லை என்ன ஆச்சு என்று விசாரிக்கிறார்களா? திட்டுகிற இடத்தில் ஆட்கள் சீக்கிரமே பொய் எண்ணைப் போட ஆரம்பித்துவிடுவார்கள், அங்கே இருந்து பிரயோஜனமில்லை.

நல்ல குழுவிலும் ஒரு விஷயத்தைக் கடன் வாங்கக் கூடாது. ஊசி அளவு. ‘நான் இந்தக் கோடு வரைக்கும் இழுக்கிறேன், நீயும் அப்படிப் போடு’ என்று ஒருவர் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை, சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். உங்கள் வீட்டு டப்பாவை இப்போதே எடுத்து, குப்பியில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எனக்கு 26 வயது, டைப் 1. மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ‘கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்’ என்கிறார் அம்மா. என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், சென்னை

சொல்லிவிடுங்கள் தங்கச்சி, நிச்சயத்துக்கு முன்னாலேயே. ஒழுக்கப் பாடமாக இதைச் சொல்லவில்லை. தினமும் ஊசி போடுவதை ஒரே வீட்டில் எத்தனை நாள் மறைப்பீர்கள்? பாத்ரூமில் ஒளிந்து போட்டுக்கொண்டு, புது இடத்தில் பசிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு, ராத்திரி மூன்று மணிக்கு சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டும்போது பக்கத்தில் படுத்திருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்றே தெரியவில்லை என்றால்? உங்கள் உயிருக்கே ஆபத்து.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ‘யார் கட்டிக்குவாங்க’ என்பதுதான் அந்தப் பயம். அதற்கு நான் எழுதும் பதிலைவிட, டைப் 1 உள்ள, கல்யாணமான ஒரு பெண்ணை அம்மா நேரில் பார்ப்பது நல்லது. முன்கூட்டியே திட்டமிட்டு, டாக்டர் மேற்பார்வையில் சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்து குழந்தை பெற்று வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சுகர் கிளினிக்கிலேயே விசாரித்து அப்படி ஒருவரோடு நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து பேசுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் எப்போது, யார் மூலம், எந்த வார்த்தையில் சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள். சிலர் சொன்னதும் வேண்டாம் என்று போய்விடுவார்கள், அது வலிக்கும், மறுக்கவில்லை.

கணவருக்கு 55 வயது. இனிப்பைக் கண்டால் விட மாட்டார். நான் ஏதாவது சொன்னால் சண்டை, சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. சுகர் அவருக்கு, நோயாளி நான் என்று ஆகிவிட்டது.
– வாசகி, காரைக்குடி

கடைசி வரியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். சர்க்கரைக்காரர்களோடு வாழ்பவர்களுக்கும் பேச ஆள் வேண்டும், அதை யாரும் நினைப்பதே இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் உள்ளே போனதும் வெளியே பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் மனைவிகளைப் பாருங்கள், அவர்கள் உங்கள் ஆட்கள்.

அவரிடம் கொஞ்ச நாளைக்கு சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருந்து பாருங்கள். சுகரோடு வருடக்கணக்கில் வாழ்கிறவர்களுக்கு ஒரு அலுப்பு வரும். எண்ணைப் பார்க்கவே பிடிக்காது, ‘போதும்டா சாமி’ என்றிருக்கும். மருத்துவர்கள் இதை மனச்சோர்வு நோயிலிருந்து தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள், ஆராய்ந்தும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் கணக்குக் கேட்டால் திருட்டுத்தனமாகச் சாப்பிடத்தான் தோன்றும். அவர் வயதுக்காரர், சுகர் உள்ளவர், காலையில் நடக்கப் போகிறவர் யாராவது ஒருவரோடு அவரைச் சேர்த்துவிட முடியுமா பாருங்கள். ‘நானும் ஒளிச்சு வச்சுத் தின்னவன்தான்’ என்று அந்த மனிதர் சொன்னால் உங்கள் கணவர் காது கொடுப்பார்.

தூக்கமின்மை தொடர்ந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், அது அவராக இருந்தாலும் நீங்களாக இருந்தாலும், 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

நோன்பு நாட்களில் நான் படும் அவதி குரூப்பில் இருக்கும் மற்றவர்களுக்குப் புரியவில்லை. ‘வைக்காதீங்க’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.
– வாசகி, கீழக்கரை

நோன்பு வைத்துப் பழகிய சர்க்கரைக்காரர்களைத்தான் நீங்கள் தேட வேண்டும் சகோதரி, கீழக்கரையில் அதற்குப் பஞ்சமா? ஆனால் பேச்சு ரமலானுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். டாக்டரைப் பார்த்து உங்களுக்கு நோன்பு வைக்கலாமா, எந்த மருந்தை விடியலுக்கு முந்தைய சஹருக்கு, எதை நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு என்று மாற்றி எழுதி வாங்க வேண்டும். சிலருக்கு வைக்கவே கூடாது என்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விரலில் குத்தி ரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து, உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே போனாலும் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. பக்கத்து வீட்டில் ஒருவரோடு பேசி வைத்துக்கொண்டு, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டெஸ்ட் செய்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். நாள் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது அப்போதுதான்.

தபால் துறையில் ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதியில் சுகர் உள்ளவர்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது? கூட்டம் கூடி டீ குடித்துக் கலைவதாக ஆகிவிடக் கூடாது.
– வாசகர், நாகர்கோவில்

ஐயா, உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், சர்க்கரை வரும் அபாயம் உள்ள 1007 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, முடிவுகள் 2018ல் வெளிவந்தன. பாதிப் பகுதிகளில் குழு அமைத்து, ஊர்க்காரர்களையே தலைவர்களாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். கூடிப் பேசினார்கள், சேர்ந்து நடந்தார்கள், வீட்டுத் தோட்டம் போட்டார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும்: இரண்டு வருட முடிவில் சர்க்கரை நோய் வருவது உறுதியாகக் குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, குடி குறைந்தது. பெரும்பாலும் ஊர் மனிதர்களை வைத்தே இவ்வளவு நடந்ததே, அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நீங்கள் சின்னதாக ஆரம்பியுங்கள். தெரிந்த நாலைந்து பேர் போதும். இடம் நூலகமோ பள்ளிக்கூடமோ இருக்கட்டும், யார் வீட்டிலும் வேண்டாம், வீடென்றால் அந்த வீட்டுப் பெண்களுக்கு வேலை கூடும். ஆண்களுக்கு வசதியான மாலை ஆறு மணி பெண்களுக்கு அடுப்படி நேரம், ஆகவே பெண்களிடம் கேட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வரவே மாட்டார்கள், நீங்கள் அவர்களுக்கு ஆர்வமில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். டீ இருக்கட்டும் ஐயா, சர்க்கரை இல்லாமல், கூடவே கொஞ்சம் சுண்டல். டீ குடிக்கத்தான் முதலில் வருவார்கள்.

டீயோடு முடியாமல் இருக்க, ஒவ்வொரு கூட்டத்துக்கும் கையால் செய்யும் ஒரு வேலை வையுங்கள். முதல் கூட்டத்துக்குக் கால். ஒருவருக்கொருவர் கூச்சப்படாமல் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்கட்டும், குனிய முடியாதவர்களுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்தால் அடிப்பாதம் தெரியும். சுகரால் உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. சித்திரை வெயிலில் மத்தியான நேரம் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது என்று சொல்லும் ஆள் உங்கள் குழுவிலேயே இருப்பார். புண்ணோ நிறமாற்றமோ இருந்தால் அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்று அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டாவது கூட்டத்துக்கு எல்லோரையும் அவரவர் மாத்திரைச் சீட்டையும் குளுக்கோமீட்டரையும் எடுத்துவரச் சொல்லுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவில் காலாவதி தேதியைப் பார்க்க வையுங்கள், அன்றைக்கே சில டப்பாக்கள் குப்பைக்குப் போகும்.